பென்சிலில் போட்ட மதிப்பெண்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தவருக்கு ஆசிரியர்கள் நாங்கள் வைத்த பெயர் ரப்பர் அக்கா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார். மேசையில் எப்போதும் மூன்று ரப்பர் இருக்கும். அழித்த துகளை வாயால் ஊதமாட்டார், எச்சில் தெறித்தால் தாள் கெட்டுவிடுமாம். சுண்டுவிரலால் தள்ளுவார். அந்த விரல் நகம் எப்போதும் கறுத்தே கிடக்கும்.

எங்கள் பள்ளியில் மதிப்பெண் என்று எதைப் போட்டாலும் முதலில் பென்சிலில்தான் போடவேண்டும். தாள் வீணாகக் கூடாது என்பது வெளியே சொல்கிற காரணம். நிர்வாகக் குழுத் தலைவர் பார்த்து, ஏற்ற வேண்டியதை ஏற்றி, இறக்க வேண்டியதை இறக்கச் சொல்வார். பிறகு அக்கா அதன்மேல் பேனாவால் எழுதுவார். அதற்கு 'மை ஏத்துறது' என்று பெயர். மை ஏறிவிட்டால் தலைவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அடித்தல் திருத்தல் இருந்தால் கல்வி அலுவலகம் குடைந்து எடுத்துவிடும்.

கணவர் இறந்த பிறகு கைக்குழந்தையோடு வேலைக்கு வந்தவர் அக்கா. அந்தக் குழந்தை அலுவலக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தவழ்ந்துதான் வளர்ந்தது. படித்து, எங்கள் மழலையர் வகுப்புக்கே தற்காலிக ஆசிரியையாக வந்தது. மகள் வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அக்கா எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்காவின் காலத்தில் ஒன்பது முதல்வர்கள் வந்தார்கள். எட்டுப் பேரைத் தலைவர் தேர்ந்தெடுத்தார். எட்டாவதாக வந்த அம்மாவை அக்காவின் அவசரம் தேர்ந்தெடுத்தது.

நேர்காணலுக்கு அன்று மூன்று பேர். அதில் ஒருவர் தலைவரின் மச்சினர். குழுவினர் ஐந்து பேரும் பென்சிலில் மதிப்பெண் போட்டு, கையெழுத்தை மட்டும் பேனாவால் போட்டுவிட்டு, டீ குடிக்க உட்கார்ந்தார்கள். அக்கா கதவருகே நின்று, "முடிச்சிடலாமாங்க ஐயா?" என்று கேட்டார். டீ தம்ளர்களை எடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்த தலைவர், "ஆமாம்மா, முடிச்சிடு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ" என்றார். அக்கா தாள்களை எடுத்துக்கொண்டு போய் மை ஏற்றிவிட்டார். மச்சினருக்கு நாலு மதிப்பெண் கூட்டிப் போடலாம் என்று தலைவர் சாவகாசமாக வந்தபோது மை காய்ந்திருந்தது. அந்த அம்மாதான் முதலிடம். தலைவர் அக்காவைத் திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.

புது முதல்வர் யாரையும் தூக்கி வைத்தும் பேசமாட்டார், மட்டம் தட்டியும் பேசமாட்டார். வகுப்பில் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, வெளியே வந்து நேரே சொல்லிவிடுவார். "டீச்சர், நீங்க போர்டுக்குப் பாடம் நடத்துறீங்க. பிள்ளைங்க உங்களுக்குப் பின்னாடி இருக்காங்க" என்றார் என்னிடம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் திரும்பி நின்று பாடம் நடத்தினேன். என் இருபது வருட வேலையில் எனக்கு உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் எதையும் பேனாவால்தான் எழுதுவார். அக்கா மகளின் மதிப்பீட்டுத் தாளிலும் அப்படித்தான் எழுதினார்: 'குழந்தைகளிடம் பொறுமை போதாது. நிரந்தரமாக்கும் முன் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்.' கோப்பில் வைக்க அதைத் தட்டச்சு செய்தவர் அக்காதான்.

வருடக் கடைசியில் முதல்வருக்கு நாங்கள் மதிப்பெண் போட வேண்டும். முப்பத்தொரு ஆசிரியர்கள், பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பெயர் எழுத வேண்டாம். தாளின் அடியில் 'பென்சிலில் நிரப்பவும்' என்று அச்சடித்திருந்தது. நான் ஒன்பது ஒன்பதாகப் போட்டேன். ஓர் இடத்தில் மட்டும் எட்டு.

மறு வாரம் தலைவர் முதல்வரைக் கூப்பிட்டு, சராசரி மூன்றரை என்றார். அந்த அம்மா தாள்கட்டோடு ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார்.

"இவ்வளவு மனக்குறை இருந்தா என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமே. நான் உங்ககிட்ட அப்படித்தானே சொன்னேன்" என்றார்.

எவன் இப்படிக் குழி பறித்தான் என்று நான் வரலாற்று ஆசிரியரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். 'நான் ஒன்பதுதான் போட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைவர் காதுக்குப் போகுமே என்று அடக்கிக்கொண்டேன். அன்றைக்கே அந்த அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வேறொரு பள்ளியில் சாதாரண ஆசிரியையாகச் சேர்ந்தார் என்றும், முதல்வர் வேலைக்கு எங்குமே விண்ணப்பிக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். மச்சினர் முதல்வரானார். அக்காவின் மகளுக்கு அந்த மாதமே வேலை நிரந்தரமானது.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு, கண் அறுவை சிகிச்சை நடந்ததென்று வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"எட்டை மூணாக்குறது சுலபம் டீச்சர். இடது பக்கத்தை மட்டும் அழிச்சாப் போதும். ஒன்பதைத்தான் முழுசா அழிச்சு நாலு போடணும்."

"எதைச் சொல்றீங்க அக்கா?"

"அந்த அம்மா தாளுங்களைத்தான். எல்லாரும் அள்ளித்தான் போட்டிருந்தீங்க. தலைவர் கதவைச் சாத்திட்டு, 'உன் பொண்ணு வேலை உன் கையிலதான் இருக்கு'ன்னார். அந்த அம்மா என் பொண்ணைப் பத்தி எழுதுனது நெஞ்சுல முள்ளாவும் இருந்துச்சு. பயத்துல பண்ணேனா, கோபத்துல பண்ணேனா, எனக்கே தெரியல. அவங்க எழுதுனது நிஜம்தான். இவளுக்குப் பொறுமை கிடையாது. பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்படி அக்கா மனசு வந்துச்சு? முப்பத்தொரு தாளையுமா அழிச்சீங்க?"

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்தேன் டீச்சர். ஒருத்தராவது பேனாவுல எழுதியிருக்க மாட்டாங்களான்னுதான் பார்த்தேன். ஒரே ஒரு தாள் போதும். 'மை ஏறிடுச்சுங்க ஐயா, இதை அழிக்க முடியாது, மத்ததை மட்டும் மாத்தினா இதோட ஒத்துப்போகாது, என்னால முடியாது'ன்னு அவர்கிட்ட கொண்டுபோய் வச்சிருப்பேன். ரெண்டு தடவை தேடினேன்."

தாளை நிரப்பிய அன்று என்னிடம் பென்சில் இல்லை. கைப்பையில் பேனா இருந்தது. பக்கத்து மேசைக்குப் போய் வரலாற்று ஆசிரியரிடம் பென்சிலை இரவல் வாங்கித்தான் எழுதினேன்.