விமானத்தில் கட்டிய துண்டு

விமானத்தில் தூங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க நான்கு முறை போய்வந்தவன். கழுத்துத் தலையணை, கண்பட்டை எல்லாம் வைத்திருந்தேன். ஐந்தாம் முறை பக்கத்து இருக்கையில் கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர், என் வயதுதான், முதல் பயணம். சாப்பாடு முடிந்ததும் கால்களை இருக்கைமேல் மடக்கி, தோள்துண்டால் முதுகோடு முழங்காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். வரப்பில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் உட்காருவார்கள். நானும் என் ஊர் குளத்தூரில் அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனாலும் மானம் போனதுபோல் இருந்தது.

“அண்ணே, அவுத்துருங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாறு மணி நேரம் போனது. இடுப்பு வலியில் நெளிந்துகொண்டிருந்தேன். அவர் துண்டை நீட்டினார்.

“கட்டிப் பாருங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்.”

கட்டினேன். விமானம் இறங்கும்போதுதான் விழிப்பு வந்தது. அவர் கண்கள் சிவந்து, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு துண்டுதான்.

இப்போது விமானத்தில் நிஜமாகவே நன்றாகத் தூங்குகிறேன். தலையணை எடுத்துப்போவதில்லை. இரண்டு துண்டு எடுத்துப்போகிறேன்.