சிரிப்பைச் சுகம் என்று எழுதியவன்

கண்டியில் துணி காயாது. ஊரில் உள்ளவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிழிந்து உதறுவதற்குள் காய்ந்துவிடும். இங்கே கரிச்சட்டி மூட்டி, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளைத் துணியை விரிக்கவேண்டும். மூத்தவள் பிறந்த மாதம் முழுக்க மஹய்யாவவில் எங்கள் வீடு புகைவாசமும் பால்வாசமுமாகவே கிடந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவது நம் வழக்கம். நான் அனுப்பவில்லை. துணிக்கடை முதலாளி லீவு தரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிப் பொய். ரயிலும் தலைமன்னார்க் கப்பலுமாகக் கொண்டுபோய் விட்டால் திரும்பக் கூட்டிவர ஏழெட்டு மாதம் ஆகும். மறுபடி கடைச்சோறு, தனிக்கட்டை. என் சுயநலம்தான், வேறென்ன?

என் மனைவி புஷ்பம் அதிகம் பேசாதவள். இந்த ஊருக்கு வந்த நாள்முதல் குளிர் குளிர் என்று போர்வைக்குள் சுருண்டவள். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் வேறு ஆளாகிவிட்டாள். விடியுமுன் எழுந்து மாவிடித்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் பலகாரம் அனுப்பினாள். மாதா பாட்டை உரக்கப் பாடினாள். கட்டுகஸ்தோட்டையில் கடை வைப்போம், மாடிவீடு கட்டுவோம் என்று மூச்சுவிடாமல் பேசி என்னையும் சிரிக்கவைத்தாள். கண்டி அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று பூரித்துப்போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணமாகி நான் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான்.

மாமியார் ஆள்வைத்து எழுதிய கடிதத்தில் ஒரே கேள்வி இருந்தது: மகள் ராத்திரி தூங்குகிறாளா? நான் கார்டில் எழுதினேன்: இவ்விடம் யாவரும் சுகம். புஷ்பம் எந்நேரமும் சிரித்த முகம்.

பக்கத்து வீட்டுச் சிங்களத்தாய் மெனிக்கேயும் வாசலில் வந்து நின்றாள். "மஹத்தயா, அக்கா நித்திரை இல்லே. மூணு நாள்." உலக்கைச் சத்தத்தில் தன் தூக்கம் கெடுகிறதென்று குறைசொல்கிறாள் என்று நினைத்தேன். இனிச் சத்தம் வராது என்று கும்பிட்டு அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு ஆள் ஓடிவந்தது. சந்தை வாசலில், முன்பின் தெரியாத, பக்கத்து மடவளை ஊர் முஸ்லிம் பெண் ஒருத்தரின் மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டு, "இது ஊருக்கே பொதுப்பிள்ளை, நீங்க வச்சுக்கங்க" என்று சொல்லிப் புஷ்பம் கைகொட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். அந்தப் பெண் வெயில் படாமல் பிள்ளையை முக்காட்டுக்குள் அணைத்தபடி காத்திருந்தார். "அழாதே மவளே, வாப்பா வந்துட்டாரு" என்று என் கையில் தந்தார். அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குப் புத்தி வரவில்லை.

எங்களைப் பார்த்த வைத்தியர் யாழ்ப்பாணத்தவர். "சில தாய்மாருக்குப் பிள்ளைப்பேற்றோட இது வாறது. மனம் ஏறும், பிறகு இறங்கும். நித்திரை குறைஞ்ச அண்டைக்கே கொண்டு வந்திருக்கலாமே?" என்றார்.

அவர் சொன்னபடியே இறங்கியது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் பிள்ளையைத் தொடமாட்டேன் என்றாள். "நான் தொட்டா அது செத்துப்போயிரும்." இருவரையும் கப்பலேற்றி மாமியாரிடம் சேர்த்தேன். அந்த அம்மாள் என்னை ஏசவில்லை. "ஒத்தக் கேள்விதானே கேட்டேன், மாப்பிள்ளை?" என்றார். ஏசியிருந்தால் தேவலை. புஷ்பம் தெளிந்து பிள்ளையை மடியில் வாங்க ஒரு வருஷம் ஆனது. அதன்பிறகு அவர்கள் அங்கே, நான் இங்கே. வருஷத்துக்கு ஒரு பயணம்.

போன தை மாதம் இரண்டாவது பிள்ளை, தாய்வீட்டிலேயே. பத்தாம் நாள்தான் போய்ச்சேர்ந்தேன். உள்ளறையில் அக்கா தங்கைமார் நடுவில் புஷ்பம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்டியில் தனியே கிடக்கும்போது அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறவன் நான். கேட்டதும் அந்தச் சந்தை வாசல்தான் கண்முன் வந்தது. நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ராத்திரி நல்லாத் தூங்குனேங்க" என்றாள். "அம்மாட்ட வேணும்னா கேளுங்க."

நான் ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டியும் கையுமாக வாசற்படியில் நின்றேன். உள்ளே போகவும் கால் வரவில்லை, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை.