மகளுக்கு நான் பழக்கிய பொய்

நான் ஆய்வகத் தொழில்நுட்பர். சிலிபின் என்ற ஊரில் மகள் யாழினியோடும் என் துணைவி செல்வியோடும் வசிக்கிறேன். நான் ஒரு பெண்ணோடு வாழ்வதைக் காரணம் காட்டி, முன்னாள் கணவர் மகளைக் கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்குக்காக விசாரிக்க நலத்துறை அதிகாரி வீட்டுக்கு வருமுன் மறைக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டேன். செல்வியின் துணிகளை அடுத்த அறைக்கு மாற்றினேன். அவளை வாடகைக்கு இருக்கும் அக்கா என்று சொல்ல மகளைப் பழக்கினேன்.

அதிகாரியாக வந்த அம்மையார் யாழினியிடம், "சடை அழகா இருக்கே, யாரு பின்னுனா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்து அழுதாள். "செல்விம்மானு சொன்னா என்னைய அனுப்பிருவாங்களாம்மா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. புள்ளைய ஏன் பயமுறுத்துனீங்க?" என்றார்.

மகள் என்னிடமே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் யாழினி தன் பதிலையே சொல்கிறாள், நான் குறுக்கிடுவதில்லை.