ஒழுங்கையை மறித்த வள்ளம்

“…அதுக்குப் பிறகும் என்ர தம்பியை உங்கட வண்டியில ஏத்துவன் எண்டு நினைச்சனியளோ? சக்கரம் ஒரு முழம் உருளட்டும், மண்டையைப் பிளந்து போடுவன்!”

அவர் கையில் துடுப்பு இருந்தது. பேச்சின் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியை உடைத்த முதற்கல்லின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியாமலில்லை. கொரோனா பரவிக்கொண்டிருந்த நாட்கள். சில கிழமைகளுக்கு முன்னர், இதே உப்புவெளி ஒழுங்கையிலிருந்து, இந்தக் குறுகிய சந்திலிருந்து, அவருடைய மூத்த அண்ணனை ஏற்றிக்கொண்டு போனதும் இதே அம்புலன்ஸ்தான், ஓட்டியதும் நான்தான். அந்த மனிதர் திரும்பி வரவில்லை. வீட்டாரை முகம் பார்க்கவும் விடாமல், மூடிக் கட்டியபடியே எரித்துவிட்டார்கள். இப்போது கடைசித் தம்பி வீட்டுக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவிதான் ஒருவருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைப்பெடுத்திருந்தார்.

வண்டியில் நாங்கள் மூன்று பேர். பின்னால் மிஸ்ஸி, தாதியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வாடகை வீட்டுக்காரி நோய்க்குப் பயந்து அவளுடைய பெட்டியைத் தெருவில் தூக்கி வைத்த நாளிலிருந்து, அந்தப் பிள்ளைக்கு என் வீடுதான் வீடு. மற்றவர் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், கந்தளாய் வயல்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல நாங்கள் அவரை நானா என்போம். சந்தையில் ஒருவன் அவர் முகத்தில் துப்பியபோது, “நான் மாஸ்க் போட்டிருக்கன். அவரும் போட்டிருந்தா துப்பல் அவருக்கிட்டயே இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு மரக்கறி வாங்கியவர். ஆட்கள் சொல்வதை மனதுக்குள் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நானாவின் கதைகள் மட்டும் ஒரு சாக்கு நிறைய வரும்.

ஒழுங்கைக்குக் குறுக்கே பைபர் வள்ளமொன்றை இழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு மதிலுக்கும் நடுவில் அது இறுகிக் கிடந்தது. துடுப்புக்காரருடைய சொந்த வள்ளம். நோயாளியின் வீடு அதற்கப்பால், ஒழுங்கையின் கடைசியில். கையில் தூக்கிப் போகும் சின்ன ஒட்சிசன் சிலிண்டரை அன்று காலையில் கிண்ணியாவில் ஒரு கிழவருக்கு விட்டுவிட்டு வந்திருந்தோம். பெரியது வண்டியோடு பூட்டியது. வண்டி வாசலுக்குப் போகாவிட்டால் ஆள் தப்பமாட்டார்.

நானா இறங்கினார்.

“அண்ணே, உங்கட கோவம் நியாயம். ஆளை ஒருக்கா பார்க்க மட்டும்…”

துடுப்பு அவர் தோளில் விழுந்தது. பச்சைத் தடி முறிவது போல ஒரு சத்தம். அடுத்த அடியைக் கையால் தடுத்தார். கை துவண்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் மதிலோரம் நின்றவர்களும் எறியத் தொடங்கினார்கள். திறந்த கதவால் வந்த ஒரு கல் என் புருவத்தைக் கிழித்தது. மிஸ்ஸி பாய்ந்து இறங்கி, நானாவைப் பாதுகாப்பு அங்கியோடு பிடித்து இழுத்து வண்டிக்குள் போட்டாள்.

“கதவைப் பூட்டுங்கோ அண்ணை!”

கூரையில் கல் மழை. மிஸ்ஸி படுக்கை விரிப்பைப் பல்லால் கிழித்து நானாவின் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். மிஞ்சிய துண்டால் என் கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

“நோகுது மிஸ்ஸி.”

“கத்துங்கோ நானா. வெளியில எல்லாரும் கத்துறாங்கள், ஒருத்தருக்கும் கேக்காது.”

நான் வண்டியைப் பின்னுக்கு எடுக்க கியரைப் போட்டேன். அப்போது வள்ளத்துக்கு அப்பாலிருந்து நோயாளியின் மனைவியின் குரல் வந்தது.

“அத்தான், இவருக்கு உதடு நீலமாப் போச்சுது! அந்த ஆக்களை விடுங்கோ!”

“உள்ள போ! சாகிறதெண்டாலும் வீட்டில சாகட்டும். இவன்ர முகத்தையாவது பார்ப்பம்!”

அதற்குப் பிறகு என்னால் பின்னுக்கு எடுக்க ஏலவில்லை. நானா கதவைத் திறந்து மறுபடி இறங்கினார். நேரே வள்ளத்துக்குப் போய், அடிபடாத தோளைக் கொடுத்துத் தள்ளினார். சேற்றில் இறுகிய உழவு இயந்திரத்தைத் தள்ளுகிற மாதிரி. வள்ளத்தின் முன்மூக்கான அணியம் மணலுக்குள் இன்னும் புதைந்ததுதான் மிச்சம்.

“நானா, அது எருமை இல்லை, வள்ளம்!” என்றான் மதிலில் நின்ற ஒருவன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவன் எறிந்த கல் நானாவின் முதுகில் பட்டது. அவர் நிமிரவில்லை. மிஸ்ஸியும் நானும் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் கை வைத்தோம். துறைமுக ஊரில் பிறந்தும் வள்ளம் தள்ளத் தெரியாதவன் நான். மூன்று பேரும் பிழையான பக்கத்தில் நின்று, உள்ள பலத்தையெல்லாம் கொடுத்தோம். மதிலில் உரசி பைபர் ‘படீர்’ என்றது.

துடுப்புக்காரர் பாய்ந்து வந்தார். மிஸ்ஸி தன் இரண்டு கைகளாலும் நானாவின் தலையை மூடினாள்.

“மாடு! அப்பிடித் தள்ளினா அடி வெடிக்குமடா! வாழ்க்கையில ஒருநாள் வள்ளம் தொட்டனியே?”

“இல்ல அண்ணே,” நானாவுக்கு மூச்சு வாங்கியது. “எப்படித் தள்ளுறெண்டு நீங்க சொல்லுங்க.”

அப்பால் அந்தப் பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது. இனி நேரமில்லை என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் விளங்கியது. எறிய ஓங்கிய கை ஒன்று அப்படியே நின்றது.

அவர் நானாவை உதைத்து விலத்தினார். துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கி, அணியத்துக்கு அடியில் மணலுக்குள் குத்தி இறக்கினார். வள்ளத்தைக் கிளப்ப, மறுநுனியில் நெஞ்சைப் போட்டு அமத்தினார். துடுப்பு வளைந்து, நரம்பு நரம்பாகக் கீறத் தொடங்கியது. அவர் விடவில்லை. மதிலோரம் திரும்பி, கரைவலை இழுக்கும்போது போடுகிற குரலில் கத்தினார்:

“என்னடா பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? வந்து பிடியுங்கோடா!”