தொலைபேசி அடித்தால் சட்டை

பாட்காஸ்ட் என்ற சொல்லை எங்கள் சேலையூர் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத காலம் அது. நானும் என்னோடு வேலை பார்த்த அனகாபுத்தூர் நண்பனும் ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்கியிருந்தோம். யோசித்தால் தலை சுற்றுகிற அன்றாடக் கேள்விகளை ஆட்களிடம் கேட்டு, பதிவு செய்து இணையத்தில் போடுவோம். அம்மாவுக்கு அது "இவனுங்க ரேடியோ".

முதல் கேள்வியை மின்சார ரயிலில் கேட்டோம். தாம்பரத்தோடு வண்டி நின்றுவிடும், ஆற அமர இறங்கலாம். பிறகு ஏன் எல்லோரும் அதற்கு முந்தைய ஸ்டேஷனான சானடோரியத்திலேயே எழுந்து வாசலை அடைக்கிறார்கள்? வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், "எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சேன். இன்னா இப்போ?" என்றார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு டீ குடித்தோம். கேட்டவர்கள் துபாயில் இருந்த அக்காவும் அவளுடைய சிநேகிதிகளும்தான்.

சீக்கிரமே ஆள் கிடைக்காமல் போனது. ரெக்கார்டரைப் பார்த்தாலே ஏதோ டிவிக்காரர்கள் என்று விலகிப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹாலில் தொலைபேசி அடித்தது. பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய பிறகே ரிசீவரை எடுத்தார். ராங் நம்பர். பரவாயில்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி என்பதால் எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. நண்பன் பிசைந்த சோற்றை அப்படியே கையில் வைத்திருந்தான்.

"மச்சான், கெஸ்ட் கிடைச்சிட்டாரு."

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வகுப்பில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். கேட்க எனக்குத் தயக்கம், நண்பனே கேட்டான். சாயங்காலம் வரை யோசிக்க நேரம் வேண்டும் என்றார் அப்பா. சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

"நாம பார்க்கலைன்னாலும் பேசறவர் நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டார் இல்லையா? அவர் முன்னால எப்படிப் பனியனோட நிக்கிறது?"

"ராங் நம்பர்னா, சார்?"

"அவரும் வந்துட்டுத்தானே போறார்."

அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நான் எடுத்து எங்க அண்ணன்னு சொல்லிக் குடுத்தா மட்டும் பனியனே போதும். அதையும் கேளுங்க." மைத்துனர் நம்ம வீட்டு மனுஷன்தானே, அவருக்கு எதற்குச் சட்டை என்றார் அப்பா. கரண்டியோடு ஹாலுக்கே வந்துவிட்ட அம்மாவிடம், தனக்கும் ஒரு கேள்வி இருப்பதாகச் சொன்னார். சர்ச் முடிந்ததும் போகலாம் என்று முதலில் சொல்வது அம்மாதான். ஆனால் அதன் பிறகு கேட் பக்கத்தில் அரை மணி நேரம் பேசுவது எப்படி?

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "போலாம்னு சொன்னாத்தான் பேச வேண்டியதெல்லாம் ஞாபகத்துக்கு வருது."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு பதிவிலும் விழுந்தது. அதைக் கேட்டுவிட்டு அக்கா அன்றைக்கே கூப்பிட்டு, அப்பா இவ்வளவு பேசுவாரா என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அதுவரை தெரியாது.

அடுத்த வாரங்களில் அப்பாவே கேள்விகளோடு வந்தார். துவைத்த பேன்ட்டில் அகப்படுகிற பத்து ரூபாய் ஏன் சம்பளத்தைவிட அதிக சந்தோஷம் தருகிறது என்று கேட்டு நண்பனைத் திணறடித்தார். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் அப்பாவைத் தானே தனியாகப் பேட்டி எடுக்கப்போவதாகச் சொன்னாள். ரெக்கார்டரில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு நாங்கள் கேம்ப் ரோட்டுக்குப் பஜ்ஜி வாங்கக் கிளம்பினோம்.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்டரில் விளக்கு எரியவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று நண்பன் பதறி எடுத்துப் பார்த்தான்.

"நான்தான் ஆஃப் பண்ணேன்," என்றாள் அம்மா. "அது எங்களுக்கு மட்டும்."

அந்த வாரம் எங்கள் ரேடியோவுக்கு விடுமுறை. சூடு ஆறுவதற்குள் நால்வரும் பஜ்ஜி சாப்பிட்டோம்.