ஆக்டினியம் வரிசையின் விரதம்

அப்பாண்டைநாதனுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். மனைவி பத்மாம்பாள் போன பிறகு அதுவும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், டப்பா தயிர்சாதத்தோடு, தன்னந்தனியாகத்தான். சீக்கிரம் வீட்டுக்குப் போய் யாரிடம் பேசுவது?

மார்பில் வந்த புற்றுநோய் அக்குளில் நெறிகட்டி அவளைக் கொண்டுபோனது. அதனால்தான், எலிகளுக்கு அதே நோயை உண்டாக்கி மருந்து பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தீனி வைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். உயிர்வதைக்குத் துணைபோகிறான் என்று சொந்தபந்தம் பேச்சை நிறுத்திக்கொண்டது. நிறுத்தட்டுமே, அவர்களா வந்து பத்மாம்பாளைப் பிழைக்க வைத்தார்கள்?

அங்கே லுட்டீஷியம், ஆக்டினியம் என்று இரண்டு கதிர்மருந்துகளுக்குள் போட்டி. லுட்டீஷியத்தின் கதிர் சற்றுத் தூரம் பாயும். ஆக்டினியத்தின் கதிர் பக்கத்திலேயே பலமாக அடித்து நின்றுவிடும். நெறியையும் கரைத்து, உடம்பையும் கெடுக்காத மருந்து எது என்பதே கேள்வி. எலி எடை குறைந்தால் மருந்து உடம்பைக் கெடுக்கிறது என்று கணக்கு.

அன்று லுட்டீஷியம் எலிகளை எடைபோட்டு, மயக்கி, அறுத்துப் பார்த்தார்கள். மறுநாள் ஆக்டினியம் கொடுத்த கூண்டு வரிசையின் முறை. பாவி மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. சாகப்போகிற உயிர் விரதத்தோடு போனால் நல்ல பிறவி கிடைக்குமே என்று, சாயங்காலமே அந்த வரிசையின் தீனியை எடுத்துவிட்டார். எலி ராத்திரியில்தான் தின்னும் என்பது தெரியாதவரா அவர்? தெரிந்துதான் எடுத்தார். காலையில் எடைபோட எலிகளைத் தூக்கிக் கொடுத்தவரும் அவரே, அதனால் தீனியில்லாத கூண்டை யாரும் பார்க்கவில்லை.

எல்லா எலியும் எடை குறைந்திருந்தது.

"நெறி சுத்தமா கரைஞ்சிருக்கு. ஆனா உடம்பு தாங்கலையே. ஆக்டினியத்த விட்டுட வேண்டியதுதான்," என்றாள் அறுத்துப் பார்த்த ஆய்வாளர் கலைமதி.

அவருக்குப் பத்மாம்பாளின் அக்குள் கண்முன் வந்தது. இந்த வேலையும் போனால் பேச்சுத்துணைக்கு எலிகூட மிஞ்சாது. ஆனாலும் சொன்னார்.

"மருந்து மேல தப்பு இல்லீங்க மேடம். நேத்து நான்தான் தீனிய எடுத்துட்டேங்க. விரதமா சாவட்டும்னு நெனச்சிக்கினு..."

கலைமதி திட்டவில்லை.

"அப்போ மறுபடியும் மொதல்லேருந்து பண்ணணும் அண்ணே. புதுசா எலி வரணும். நோய் வச்சி, மருந்து குடுத்து, அறுத்து..."

"அத்தினியுமாங்க?"

"அத்தினியும்தான்."

புது எலிகள் வந்தன. அவர் செய்த புண்ணியத்தால் சாகப்போகிறவை. அன்று சாயங்காலம் ஒவ்வொரு கூண்டிலும் தீனியை நிரப்பி, கடைசி எலி கொறிக்கத் தொடங்கும்வரை நின்றார். வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. தயிர்சாத டப்பாவைத் திறக்காமலே பஸ் ஏறினார்.