மச்சானின் வாஷர்

போன வருஷம் ஜவ்வாது மலை ஏரியில் நடந்த போட்டியில் என் மாடல் படகை முந்திவிட்டு, ஊரே பார்க்கச் சிரித்தான் என் மனைவியின் தம்பி. அந்தச் சிரிப்புக்குப் பழிவாங்க, இந்த வருஷம் அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் படகின் தடித்த வாஷரைத் திருடினேன்.

சுழலும் புரொப்பல்லர் தண்டை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலை வாஷர்தான் வாங்கிப் படகுக்குக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் தண்டு மோட்டாரில் போய் முட்டும். மோட்டார் கருகட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தவன் என் படகைத் தூக்கிப் பார்த்தான்.

“இன்னா மாமா, வாஷர் தேஞ்சி கெடக்குது? எங்கிட்ட ஸ்பேர் ஒண்ணு கீது, இருங்க.”

அவனே மாட்டிவிட்டான். தன் படகைப் பார்க்கவில்லை.

பாதி ஏரியில் அவன் மோட்டார் புகைந்தது. நான் ஜெயித்தேன். சிரித்தபடி கைகுலுக்க வந்தான். பேண்ட் பைக்குள் அவன் வாஷரை இறுக்கியிருந்த கையை என்னால் வெளியே எடுக்க முடியவில்லை. அவன்மேல் ஒரு வருஷம் வளர்த்த கோபம் அன்று என்மேல் திரும்பியது. இன்னும் ஆறவில்லை.